முன்னே முப்பத்தாறு, பின்னே நாற்பத்தொன்று

அத்தியாயம் 4

"நூற்றிருபது கிலோ வார்ப்பை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருக்கான்னா, அவனுக்கு ஜெயில் போடக்கூடாதுக்கா. மெடல் போடணும்" என்றான் அருண்பாண்டி.

எதிரே உட்கார்ந்திருந்த மஞ்சுஷா சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் அவள் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைக் கடையின் மாடியில் இருக்கும் 'கற்பகம் என்கொயரி' ஆபீசுக்கு வருகிறவள் வேறு எந்த நிலையில் இருப்பாள்? கைக்குட்டையைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும் போலிருந்தது.

அருண்பாண்டி தென்காசிக்காரன். முப்பத்துநாலு வயது. கொச்சிக்கு வந்த இரண்டு வருடத்தில் மூன்று டிராவல்ஸ் முதலாளிகளிடம் டிரைவராக இருந்து, மூன்று பேரிடமும் வாயால் வேலை இழந்தவன். நாலாவதாகத்தான் கற்பகத்திடம் வந்து சேர்ந்தான். வாய் ஓய்வில்லாதவன் பக்கத்தில் இருந்தால் எதிராளி தானாகவே வாயைத் திறந்துவிடுகிறான் என்பது கற்பகம் கண்ட தொழில் ரகசியம். மாநகராட்சியில் பன்னிரண்டு வருடம் வீட்டு வரிப் பிரிவில் குப்பை கொட்டி, எந்த வீட்டுக்காரர் எந்த அறையை மறைக்கிறார் என்று வாசலில் நின்றே சொல்லப் பழகியவள் அவள். அந்தப் பழக்கம்தான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது.

"நீ அழாம சொல்லு, மஞ்சுஷா. பிஜுவை யார் கள்ளன்னு சொன்னா?" என்றாள் கற்பகம்.

"ஆவுடையம்மா சேச்சிதான். சமாஜத் தலைவி."

மஞ்சுஷா விக்கி விக்கிச் சொன்னதன் சுருக்கம் இதுதான். அவள் கணவன் பிஜு, செந்தில்வேலவர் சேவா சமாஜத்தின் வண்டிக்கு டிரைவர். சமாஜத்தில் ஒரு வெண்கல வார்ப்பு உண்டு. விசேஷ நாளில் நானூறு பேருக்குப் பாயசம் காய்ச்சுகிற பாத்திரம். நாலு பேர் பிடித்தால்தான் அசையும். திங்கட்கிழமை அன்னதானத்துக்காக அதைக் கழுவி வைக்கலாம் என்று இன்று காலை சமையல்காரர் சாமான்கள் வைக்கிற கலவறையைத் திறந்திருக்கிறார். வார்ப்பு இல்லை. பூட்டு உடையவில்லை. வெளியே நின்ற சமாஜ வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தால், விரிப்பில் வட்டமாக அடுப்புக்கரி. வார்ப்பின் அடி உட்கார்ந்த தடம்.

"கலவறைச் சாவியும் வண்டிச் சாவியும் ஆபீஸ்ல ஒரே ஆணியில தொங்கும். அதைத் தொடறது கமிட்டிக்காரங்க ஏழு பேரும் பிஜு சேட்டனும் மட்டும். கமிட்டிக்காரங்க செய்யமாட்டாங்க, அப்ப பிஜுதான்னு ஆவுடையம்மா சேச்சி பறையறாங்க. அஞ்சு மணிக்குள்ள வார்ப்பு வரலைன்னா ஸ்டேஷன்ல பராதி கொடுப்பாங்களாம்."

"கொடுக்கட்டும். செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்றான் அருண்பாண்டி.

"மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரியில டிரைவர் வேலை சரியாயிருக்கு, சேட்டா. விசா வந்தாச்சு. போலீஸ் நற்சான்று ஒண்ணுதான் பாக்கி. திங்கட்கிழமை விசாரிக்க வீட்டுக்கு வரும். அதுக்கு முன்னாடி அவர் பேர்ல ஒரு கேஸ் விழுந்தா..."

அவள் மறுபடி கைக்குட்டையை எடுத்தாள். அருண்பாண்டிக்கும் அதற்குமேல் ஜோக் வரவில்லை. நாலு வருடம் தேடிக் கிடைத்த வேலையைக் காலிப் பாத்திரம் ஒன்று கவிழ்க்கப் போகிறது.

"நேத்து அவர் எங்கே இருந்தார்?" கற்பகம் கேட்டாள்.

"உச்சைக்கு ஒரு மணிக்குச் சாவியை ஆணியில மாட்டிட்டு சுள்ளிக்கல் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். உறங்கினார். நான் பார்த்தேன்."

"பொண்டாட்டி சாட்சி எடுபடாதேக்கா" என்றான் அருண்பாண்டி.

"அதனாலதான் நாம போறோம். உன் பழைய காத்து மீட்டர் பையில இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"வண்டி பாரம் சுமந்திருக்கு. வண்டியைத்தான் முதல்ல கேக்கணும்."

*

சமாஜத்தின் முற்றத்தில் அந்த ஏழு சீட் வண்டி, குற்றம் செய்த மாதிரியே நின்றது. வெள்ளை நிறம், மூன்று வயது. பக்கத்தில் பிஜு. இரண்டுக்கும் நடுவில், இடுப்பில் கை வைத்தபடி ஆவுடையம்மாள். அறுபது வயது, தெருவே அடங்கும் குரல்.

"துப்பறிய ஆள் கொண்டு வந்திருக்கானா? வரட்டும். ஆனா அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்."

"சேச்சி, ஆவேசப்பட வேண்டாம்." தணிவாகச் சொன்னவர் செயலாளர் சங்கரலிங்கம். ஏலூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, வெள்ளை வேட்டி, கண்ணாடி. "திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம். பாவம், பிள்ளைகுட்டிக்காரன்."

ஒருவராவது மனிதராக இருக்கிறாரே என்று அருண்பாண்டிக்கு ஆறுதலாக இருந்தது. மூன்றாமவர் ஷாஜி, யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கமிட்டி உறுப்பினர். வார்ப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் கண் லேசாக மின்னியது. "நல்ல பீஸ் ஆயிருந்து" என்று இறந்த உறவினரைச் சொல்வதுபோல இரண்டு தடவை சொல்லிவிட்டார். அருண்பாண்டி மனதுக்குள் அவர் கையில் விலங்கை மாட்டி, சாவியையும் தூக்கி எறிந்துவிட்டான்.

கற்பகம் பின்கதவைத் திறந்து கரி வட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை சீட்டை மடித்து, அந்த இடத்தில் வார்ப்பை உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் மூடிவிட்டு டயரைக் காட்டினாள்.

"அளந்து சொல்லு."

அருண்பாண்டி குனிந்து வால்வு மூடியைத் திருகினான். வண்டி நேற்று சாயங்காலத்திலிருந்து நகரவில்லை. ஓடிச் சூடான டயரில் அளந்தால் மூன்று நாலு கூடுதலாகக் காட்டி ஆளை ஏமாற்றும். இது ஆறின டயர், சொல்வது சத்தியம்.

"முன்னாடி முப்பத்தாறு. அந்தப் பக்கமும் முப்பத்தாறு. பின்னாடி... அட! நாப்பத்தொண்ணு. அதுவும் நாப்பத்தொண்ணு. அக்கா, பாட்டி வைத்தியம் மாதிரி கையளவுல போட்டது இல்ல இது. நெல்லு முனை பிசகாம வெச்சிருக்கான்."

"பிஜு, நீ எவ்வளவு வைப்பே?"

"முப்பத்தஞ்சு, சேச்சி. நாலுக்கும்."

"ஆள் நிறைய ஏறினா?"

"அப்பவும் முப்பத்தஞ்சு." பிஜு தலையைச் சொறிந்தான். "மட்டாஞ்சேரியில எல்லாரும் முப்பத்தஞ்சுதான். மாத்தி வைக்கணும்னு யாரும் சொன்னதில்லை."

"வண்டியிலேயே எழுதியிருக்குமே."

"எங்கே?"

கற்பகம் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கதவு வந்து மோதுகிற தூணில், வண்டி தயாரித்தவர்கள் காற்றளவு எழுதி ஒட்டுகிற இடத்தில், வேலும் மயிலுமாக முருகன் ஸ்டிக்கர். கையகலம், பளபளவென்று.

"நான்தான் ஒட்டினேன்" என்றான் பிஜு. " ஷோரூம்ல சாவி வாங்கின அடுத்த நிமிஷம். அதுக்கு அடியில ஏதோ எழுத்து இருந்தது. யாரு வாசிச்சா?"

அருண்பாண்டி குனிந்து பார்த்தான். மேல் ஓரம் சுருங்கியிருந்தது. ஒரு மூலையில் தூசி உள்ளே அப்பியிருந்தது. முருகன் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"மூணு வருஷம் நேரா நின்ன சாமி, திடீர்னு சாய்வாரா?" என்றாள் கற்பகம் மெதுவாக. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆவுடையம்மாள் சமையல்காரரைத் திட்டப் போயிருந்தார், மற்ற இருவரும் அவர் பின்னால் போயிருந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கினாள். ஒட்டிப் பல வருடமான காகிதம் கிழிந்து வரும். இது சமர்த்தாக வந்தது. அடியில் இரண்டு வரிசை எண்கள். இரண்டு மூன்று பேர் போனால் முன்னும் பின்னும் முப்பத்துமூன்று. வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறினால் முன்னே முப்பத்தாறு, பின்னே நாற்பத்தொன்று.

அருண்பாண்டி விசில் அடிக்கப் போய் அடக்கிக்கொண்டான். "வார்ப்பு நூத்திருபது. தூக்க நாலு பேர், ஓட்ட ஒருத்தன். முழுப் பாரம். கள்ளப்பய திருடப் போறதுக்கு முன்னாடி சாமியைத் தூக்கிட்டு சட்டத்தை வாசிச்சிருக்கான்! அந்த நாலு பேரைப் பிடிச்சா போதுமே."

"தோப்பும்படி சந்திப்புல தினம் காலைல இருநூறு பேர் வேலைக்கு நிக்கிறாங்க. நேத்துக் கூட்டிப் போன நாலு பேர் இன்னிக்கு எந்தக் கட்டடத்து மேல நிக்கிறாங்களோ. அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிக்க முடியாது. ஆனா காத்து அடிச்ச இடம் நகராது, கேட்டோ?"

அவள் முருகனைத் திரும்ப ஒட்டினாள். இருந்தபடியே, சாய்வாக.

*

பக்கத்துச் சுள்ளிக்கல் பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவள் விஜி. வேண்டிய அளவை அமுக்கினால் தானே நிரப்பிக்கொண்டு, ஆனதும் கூவி அழைக்கிற மிஷின் அவள் ராஜ்ஜியம். சமாஜ வண்டி என்றதும் அவள் முகம் சுளித்தது.

"நேத்து ஒண்ணரைக்கு வந்தது. மறக்கவே மாட்டேன். எல்லாரும் வந்து முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டு மொபைலைப் பார்ப்பாங்க. அந்த ஆள் இறங்கி நின்னு, முன்னாடி முப்பத்தாறு, பின்னாடி நாப்பத்தொண்ணுன்னாரு. பின்னே ஸ்டெப்னி. ஸ்டெப்னிக்கு யாரு சேட்டா காத்து பார்க்கிறது? அது பஞ்சராகிற அன்னைக்குத்தான் உண்டுன்னே தெரியும். அதுக்கும் அடிக்கச் சொன்னாரு. கடைசியில தன்னோட மீட்டரை எடுத்து என் மிஷின் சரியான்னு பரிசோதிச்சாரு!"

"அடப்பாவி!" என்றான் அருண்பாண்டி. "ஆள் எப்படி இருந்தாரு?"

"வெள்ளை வேட்டி. கண்ணாடி."

கற்பகம் மொபைலில் கமிட்டியின் படத்தைக் காட்டினாள். ஏழு பேரில் ஆவுடையம்மாளை விட்டால் ஆறு பேர். ஆறு பேரும் வெள்ளை வேட்டி, ஆறு பேரும் கண்ணாடி.

விஜி நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். "நான் குனிஞ்சு டயரைப் பார்த்தேனா, அவர் முகத்தைப் பார்த்தேனா? கேமராவும் இடி விழுந்ததுல இருந்து சும்மாதான் தொங்குது."

பங்குக்கு எதிரே சாயாக் கடை. அருண்பாண்டி பழம்பொரியைக் கடித்தபடி தன் தீர்ப்பை வாசித்தான்.

"ஷாஜிதான்கா. வார்ப்பு இந்நேரம் ஏதாவது வெள்ளைக்காரன் வீட்டுத் தோட்டத்துல செடி வளர்த்துட்டிருக்கும்."

"ஷாஜி தன் சொந்தக் காருக்கு எப்படிக் காத்து பார்ப்பாருன்னு நீ பார்த்ததில்லையா? டயரை உதைப்பாரு. கால் வலிச்சா காத்து உண்டு, வலிக்கலைன்னா இல்லை."

அருண்பாண்டியின் தீர்ப்பு பாதிப் பழம்பொரியோடு தொண்டையில் நின்றது.

"நீ ஒண்ணு யோசி" என்றாள் கற்பகம். "நேத்து சாயங்காலம் வண்டி காலியாத் திரும்பி வந்தாச்சு. இவ்வளவு சுத்தக்காரன், பாரம் இறங்கினதும் காத்தையும் முப்பத்துமூணுக்கு இறக்கியிருக்கணுமே. ஏன் இறக்கலை?"

"சோம்பேறித்தனம்."

"ஸ்டெப்னிக்குக் காத்து அடிச்சவன் சோம்பேறியா?"

அருண்பாண்டி மென்றான். யோசித்தான். மறுபடி மென்றான். சட்டென்று நிமிர்ந்தான்.

"திரும்பவும் பாரம் ஏத்தப் போறானாக்கா? அதே பாரம்?"

"அப்பாடா! இந்தக் கடைப் பழம்பொரிக்கு இவ்வளவு சக்தி உண்டுன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப வார்ப்பு திரும்பி வரும்! அவன் திருடலை. சொல்லாம இரவல் எடுத்திருக்கான்!" சந்தோஷத்தில் கத்தியவன், மணியைப் பார்த்ததும் சுருங்கினான். "எப்ப வரும்? நாளைக்கு வந்தா என்ன, நாளன்னைக்கு வந்தா என்ன? பிஜு பேர்ல இன்னைக்கு அஞ்சு மணிக்கே கேஸ் விழுந்திடுமே."

"அதனாலதான் காத்திருக்க முடியாது. நீ போய் அந்த வண்டியோட பின் டயர் ரெண்டுலயும் காத்தை இறக்கு. இருபது இருந்தா போதும்."

"இருபதா?" பழைய டிரைவரின் நெஞ்சில் கை வைத்ததுபோல இருந்தது அவனுக்கு. "அக்கா, என்னைப் பட்டினி போடுங்க, டயரைப் போடாதீங்க."

"வண்டி நகராது. என்னை நம்பு."

*

நாலரை மணிக்கு முற்றத்தில் கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. ஸ்டேஷனுக்குக் கொண்டு போகவேண்டிய பராதிக் காகிதம் ஆவுடையம்மாளின் கையில் மடித்துத் தயாராக இருந்தது. மஞ்சுஷா சுவரோரமாக நின்று அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்ததை நடந்த மாதிரியே செஞ்சு பார்க்கப் போறோம்" என்றாள் கற்பகம். "வார்ப்புக்குப் பதில் ரெண்டு அரிசி மூட்டை, ஒரு சர்க்கரை மூட்டை. நூத்திருபது கிலோ. தூக்கின நாலு பேருக்குப் பதில் கமிட்டியில நாலு பேர் ஏறுங்க. பிஜு ஓட்டட்டும். தோப்பும்படிப் பாலம் வரைக்கும் ஒரு சுத்து. அந்தப் பாரத்தோட இந்த வண்டி போகுமான்னு பார்க்கணும்."

சும்மா கிடைக்கிற சவாரியை யார் விடுவார்? ஷாஜி முன்சீட்டைப் பிடித்தார். இன்னும் மூன்று பேர் நடு வரிசையில் தொந்தியைச் சரிசெய்து உட்கார்ந்தார்கள். மூட்டைகள் ஏறின. வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு அமுங்கியது. பின் டயர்கள் இரண்டும் தரையில் பிதுங்கிப் பரந்தன.

அருண்பாண்டி டயரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்கே அழுகை வரும். கற்பகம் சொல்லியிருந்தபடி, வெளியே நிற்பவர்களின் கண்களைப் பார்த்தான். ஆவுடையம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் மொபைலைப் பார்த்தார். ஒரே ஒரு ஆள் மட்டும் டயரைப் பார்த்தார்.

முதலில் அவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. ஒரு அடி முன்னே வைத்தார், பின்னே வைத்தார்.

"பிஜு, ஸ்டார்ட் பண்ணு" என்றாள் கற்பகம்.

எஞ்சின் உறுமியது.

"நிறுத்து!"

முற்றமே திரும்பிப் பார்த்தது. சங்கரலிங்கம் வண்டியின் முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணு! இந்தக் காத்துல இவ்வளவு பாரமா? டயரோட வயிறு தரையில உரசுது. பாலம் ஏறுறதுக்குள்ள சூடாகி வெடிக்கும். உள்ளே அஞ்சு உயிர் இருக்கு!"

"எந்தா சாரே, ஒரு முப்பத்தஞ்சு அடிச்சா மதியல்லோ" என்றார் ஷாஜி ஜன்னல் வழியாக.

அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆயிற்று. "மதியா? அது போதுமா? ஒருத்தன் போனாலும் முப்பத்தஞ்சு, ஊரே ஏறினாலும் முப்பத்தஞ்சா? ஆள் குறைஞ்சா முப்பத்துமூணு. நிறைஞ்சா முன்னே முப்பத்தாறு, பின்னே நாப்பத்தொண்ணு! வண்டி உண்டாக்கினவன் தெளிவா எழுதி ஒட்டியிருக்கான். படிக்கத்தான் இந்த ஊர்ல ஆளில்லை!"

"எங்கே ஒட்டியிருக்கு, சார்?" கற்பகம் பவ்யமாகக் கேட்டாள்.

"அங்கேதான், டிரைவர் கதவுத் தூணுல. முருகன் படத்துக்கு அடியில..."

சொல்லி முடித்த பிறகுதான் சங்கரலிங்கம் தன் வாயைக் கையால் பொத்தினார். அந்த வண்டி ஷோரூமிலிருந்தே முருகனோடுதான் வந்தது என்பது முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரே வழிதான் உண்டு.

அருண்பாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதரையா நல்லவர் என்று நினைத்தோம்? திங்கட்கிழமை வரை பொறுக்கலாம் என்று அவர் பரிந்து பேசியதன் அர்த்தம் இப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வார்ப்பு வந்துவிடும். அந்த ஒரு நாளைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

"ஏலூர்ல எந்தப் பிரிவுல இருந்தீங்க, சார்?" என்றாள் கற்பகம்.

"பாதுகாப்புப் பிரிவு." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் வேலைக் காலத்துல ஒரு வண்டி டயர் வெடிச்சதில்லை."

பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. மகளைக் கும்பளங்கியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கல்யாணப் பேச்சின்போது, தங்கள் குடும்பத்தில் இருநூறு வருட வார்ப்பு ஒன்று இருக்கிறது என்று சம்பந்தியம்மாளிடம் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். இன்று அவர்கள் வீட்டு ஹோம்ஸ்டே திறப்பு விழா. வார்ப்பை வாசலில் வைத்துத் தண்ணீர் நிரப்பித் தாமரை போடவேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டுக் கேட்டாள். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"நாளைக் காலையில ஆறு மணிக்குக் கொண்டு வந்திருப்பேன். சத்தியமா. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு விருந்து முடியும், அதுவரைக்கும்தான்..."

"எட்டு மணிக்கு விருந்து முடியும்." பிஜு வண்டியிலிருந்து இறங்கினான். "அஞ்சு மணிக்கு என் ஜீவிதம் முடியும். காலையில இருந்து என்னை எல்லாரும் கள்ளன்னு விளிச்சப்ப, நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க சார்? என் தோள்ல கை வெச்சுக்கூடப் பேசினீங்க."

சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார். ஆவுடையம்மாள் கையிலிருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

"பிஜு, நீ சொல்லு. இவர் பேர்ல எழுதட்டுமா?"

பிஜு மஞ்சுஷாவைப் பார்த்தான். "போலீஸ் வேண்டாம். வார்ப்பை எடுக்க நாம போவோம். அங்கே சம்பந்தி முன்னாடி, இது யாரோடதுன்னு சாரே தன் வாயால சொல்லணும். அது போதும்."

சங்கரலிங்கத்தின் முகம் வெளுத்தது. ஜெயில் என்றிருந்தால்கூட அவ்வளவு வெளுத்திருக்காது. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மூட்டைகளை இறக்கி, பங்கு வரை வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்கள். விஜி காற்றுக் குழாயோடு வந்து, சங்கரலிங்கத்தைக் கண்டதும் இரண்டடி பின்னே போனாள். "இவர்தான்! ஸ்டெப்னி!"

"முன்னே முப்பத்தாறு, பின்னே நாப்பத்தொண்ணு" என்றான் பிஜு. "வரும்போது பாரம் உண்டு."

*

கும்பளங்கியில் ஆறு மணி வெயில் காயல் தண்ணீரில் கிடந்தது. ஹோம்ஸ்டே வாசலில், தேய்த்துத் தங்கமாக மின்னிய வார்ப்பு. உள்ளே தாமரை, வெளியே விளிம்பைச் சுற்றிக் கனமான செவ்வந்தி மாலை. சம்பந்தி சரோஜம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க சம்பந்தி! எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களே!"

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். பின்னால் நின்ற பிஜு அசையவில்லை. ஆவுடையம்மாளும் கற்பகமும் அசையவில்லை. அருண்பாண்டிகூடப் பேசவில்லை, அதுவே அன்றைய நாளின் பெரிய அதிசயம்.

"சம்பந்தி... இந்த வார்ப்பு எங்க குடும்பத்தோடது இல்லை." ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்குவதுபோல வந்தது. "சமாஜத்தோடது. கேக்காம எடுத்துட்டு வந்தேன். பழி இந்தப் பிஜு மேல விழுந்தது. உங்க முன்னாடி வெட்கப்பட வேண்டியிருக்குமேன்னு நான் வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

சரோஜம்மா அவரைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு குனிந்து செவ்வந்தி மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

விளிம்பில், உளியால் ஆழமாக வெட்டிய தமிழ் எழுத்துக்கள். *செந்தில்வேலவர் சேவா சமாஜம், மட்டாஞ்சேரி. உபயம்: ஆ. மாடசாமி செட்டியார்.*

"நேத்துப் புளி போட்டுத் தேய்ச்சப்பவே பார்த்தேன், சம்பந்தி. உங்க மருமகனுக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், எனக்குத் தமிழும் தெரியும். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு நான்தான் மாலையை வெச்சு மறைச்சேன்."

ஸ்டெப்னி வரைக்கும் பார்த்த மனிதர், ஊரில் எந்தப் பாத்திரத்திலும் பேர் வெட்டியிருக்கும் என்பதைப் பார்க்கவில்லை. அருண்பாண்டிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. பிஜுவின் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்த வெட்கம், நேற்றே தெரிந்துபோன வெட்கம். அதற்காக ஒரு மனிதன் பகல் முழுவதும் கள்ளனாக நின்றிருக்கிறான்.

சங்கரலிங்கம் திரும்பிப் பிஜுவின் முன்னால் கை கூப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கலங்கியிருந்தன. "என்ன செய்யணும்னு சொல்லு, பிஜு. செய்யறேன்."

பிஜு அவர் கைகளைப் பிடித்து இறக்கினான்.

"திங்கட்கிழமை போலீஸ் வரும் சார். நான் நல்லவன்தான்னு தெரிஞ்ச ரெண்டு பேர் கையெழுத்து வேணும். ஒரு ஒப்பு நீங்க போடுங்க."

சங்கரலிங்கம் சட்டைப் பையைத் தடவினார். இரண்டு பேனா இருந்தும், அவர் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆவுடையம்மாள்தான் எட்டி அதிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"முதல் ஒப்பு என்னோடது. கள்ளன்னு முதல்ல சொன்னது நான்தானே" என்றார்.